மண்ணாக உட்கார்ந்த மேஸ்திரி

நாவலேரியின் கரைக்குக் கீழே, கோரைப்புல் மறைவில் ஒரு வளை இருந்தது. அதன் வாசலில் உட்கார்ந்து பூங்காவனம் என்ற முள்ளம்பன்றி கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தது. கை இரண்டும் கிழங்கில். காது இரண்டும் வளைக்குள்ளே. உள்ளே அதன் குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கின. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முதுகில் முள் இன்னும் இறுகவில்லை. தொட்டால் பச்சைப் புல் மாதிரி வளையும்.

பூங்காவனத்துக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே போதும், பேச்சு வராது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு சலசலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அதற்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தால் இன்னும் சலசலக்கும்!

"அக்கா! பூங்காவனக்கா! இங்கேயா இருக்கே?"

முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மீட்டிங் ஆரம்பிச்சாச்சுக்கா! மேஸ்திரி உன்னைத்தான் தேடுறாரு!"

"இப்பத்தானே தம்பி ஒரு மீட்டிங் முடிஞ்சுது?"

"அது காலை மீட்டிங். இது உச்சி மீட்டிங்."

"குட்டிங்க முழிச்சா பாலுக்கு அழும்..."

"அதையும் மீட்டிங்ல சொல்லு! வா வா!"

பூங்காவனம் பாதி உரித்த கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தது.

விஷயம் இதுதான். கோடையில் தண்ணீர் குடிக்க வந்த யானைக் கூட்டம் ஏறி இறங்கி, நாவலேரியின் கரையை ஒரு பக்கமாக உடைத்துவிட்டது. யானைகளுக்கு என்ன? அவை பாட்டுக்கு அடுத்த காட்டுக்குப் போய்விட்டன. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தவரை உடைப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது மழை வரப்போகிறது. ஏரி நிரம்பினால் தண்ணீர் அந்த உடைப்பு வழியாகத்தான் பாயும். ஏரி காலியானால் அடுத்த கோடையில் காடு முழுக்கத் தாகத்தில் தவிக்கும். அது அப்புறம். முதலில் அந்தத் தண்ணீர் நேரே எங்கே போகும்? பூங்காவனத்தின் வளைக்குத்தான்!

வேறு இடம் போகலாம் என்றால் சுற்றிலும் பாறை. ஆழமாக வளை தோண்டுகிற மாதிரி மண், அது இப்போது இருந்த பள்ளத்தில் மட்டும்தான். குட்டிகளை வெளியே வைக்கலாம் என்றால் நரி மோப்பம் பிடித்துக்கொண்டு திரிகிற காடு. அதனால் கரை நின்றால்தான் குட்டிகள் பிழைக்கும். பூங்காவனத்துக்கு இது தெரியும். தெரிந்து என்ன, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாரும் சேர்ந்து கரையைக் கட்டுவது என்று காடு முடிவு செய்தபோது, மேஸ்திரியாகக் குரங்கைத்தான் பிடித்தார்கள். அது ரொம்ப நாள், மனிதர்கள் அணை கட்டிய இடத்தில் தங்கியிருந்தது. அவர்கள் தின்றுவிட்டுப் போட்ட சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, பெரிய வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. குரங்குக்கு நல்ல மனசு. ஓடியாடி உழைக்கும். யாரையும் கை நீட்டி அடிக்காது. ஒரே ஒரு குறைதான்.

"பெரிய வேலைக்கு ஏற்பாடும் பெரிசா இருக்கணும்!" என்று அது நம்பியது.

ஏரிக்கரையில் ஒரு வாதா மரம் நின்றது. அதில் பச்சை இலை, மஞ்சள் இலை, சிவப்பு இலை மூன்றும் ஒன்றாக இருக்கும். குரங்கு அந்த இலைகளைப் பறித்து ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலை கொடுத்தது. பச்சை இலை என்றால் மெதுவாகச் செய்யலாம். மஞ்சள் இலை என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. சிவப்பு இலை என்றால் அவசரம். இலையைக் கொடியில் கோத்து எல்லார் கழுத்திலும் கட்டியது. பூங்காவனத்தின் கழுத்தில் கொடி நிற்கவில்லை. அதனால் இலைகளை அதன் முள்ளிலேயே குத்திவிட்டது. அது நடந்து போனால் ஒரு சின்ன வாதா மரமே நடந்து போகிற மாதிரி இருக்கும். பால் குடிக்க வந்த குட்டிகள் ஒரு தடவை பயந்துபோய்ப் பின்னால் ஒளிந்துகொண்டன!

வேலை என்னவோ சின்ன வேலைதான். பூங்காவனம் மேட்டில் களிமண் வெட்டும். முயல் அதை ஓலைப்பெட்டியில் போட்டு இழுத்துப் போகும். காட்டுப்பன்றி அதை உடைப்பில் கொட்டி மிதிக்கும். நண்டு சந்து பொந்தைப் பூசி அடைக்கும். அவ்வளவுதான்.

ஆனால் ஏற்பாடு அவ்வளவு சின்னதாக இல்லை. மயில் மேலே நின்று "எடுக்கலாம்!" என்று குரல் கொடுத்தால்தான் முயல் மண்ணை எடுக்க வேண்டும். மேஸ்திரி மண்ணைப் பார்த்து மஞ்சள் இலை கொடுத்தால்தான் பன்றி மிதிக்க வேண்டும். காலையில் ஒரு மீட்டிங். உச்சியில் ஒரு மீட்டிங். சாயங்காலம் ஒரு மீட்டிங். அன்றும் உச்சி மீட்டிங் வழக்கம்போல நடந்தது.

"பன்றியாரே! நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டது குரங்கு.

"மிதிக்கலை."

"ஏன் மிதிக்கலை?"

"மஞ்சள் இலை வரலை."

"அப்ப இது ரொம்ப அவசரம்!" என்று சொல்லிக் குரங்கு அதன் கழுத்தில் ஒரு சிவப்பு இலையைச் சேர்த்துக் கட்டியது. பன்றி கழுத்தை ஆட்டிப் பார்த்தது. ஏற்கனவே அங்கே ஒரு சிவப்பு மாலையே தொங்கியது.

"நான் ஒரு வார்த்தை பேசலாமா?" என்று மயில் எழுந்தது. மயிலுக்கு மீட்டிங் என்றால் உயிர். அது தொண்டையைச் செருமியது. தோகையை ஒரு பக்கம் ஒதுக்கியது. கரை என்றால் என்ன, ஏரி என்றால் என்ன, ஒற்றுமை என்றால் என்ன என்று நிறுத்தி நிதானமாகப் பேசியது.

"இதுக்குள்ள நான் ரெண்டு பொந்து அடைச்சிருப்பேன்," என்று நண்டு முணுமுணுத்தது.

கடைசியில் பூங்காவனத்தின் முறை வந்தது. எல்லாக் கண்ணும் அதன்மேல் திரும்பியது. முள் சலசலத்தது. முள்ளில் குத்திய இலைகளும் சேர்ந்து சடசடத்தன.

"என்னம்மா சொல்றே? கேட்கலையே!"

"அது வந்துண்ணே... மண்ணு..." என்றது பூங்காவனம். "ஒண்ணுமில்லைண்ணே."

அத்துடன் மீட்டிங் கலைந்தது. கிழக்கே வானம் கறுத்து, ஒரு தடவை உறுமியது.

மற்றவர்கள் என்றால் அதை அத்துடன் விட்டிருப்பார்கள். குரங்கு விடவில்லை. அதுதான் அதன் நல்ல குணம். பூங்காவனம் எதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்டது என்று அதற்குப் புரிந்திருந்தது. பின்னாலேயே மண் குழிக்கு வந்தது. யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, தானும் ஒரு கல்லில் உட்கார்ந்தது.

"இப்பச் சொல்லு பூங்காவனம். இங்கே நீயும் நானும்தான்."

பூங்காவனம் மண்ணை வெட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டது.

"அண்ணே... கேட்டாத் தப்பா நினைக்கக் கூடாது. என் முதுகுல இவ்வளவு இலை இருக்கே. இதுல எதை நான் முதல்ல செய்யணும்?"

"சிவப்பு இலையைத்தான்!"

"எல்லாமே சிவப்பா இருக்கேண்ணே."

குரங்கு அதைச் சுற்றி வந்து பார்த்தது. ஆமாம்! எல்லாமே சிவப்பு!

"அப்படின்னா... எல்லாத்தையும் முதல்ல செய்!"

"எனக்கு ரெண்டு கைதானேண்ணே இருக்கு?"

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டது.

"வேற ஏதோ மண்ணைப் பத்திச் சொல்ல வந்தியே?"

"ஈரமாத்தான்ணே வெட்டிப் போடுறேன். கரைக்குப் போறதுக்குள்ள காஞ்சு ஓடாப் போயிடுது. அதைப் போட்டு மிதிச்சா ஒட்டவே மாட்டேங்குது."

"ஏன் காயுது?"

"எனக்குத் தெரியலையே. நான் குழியிலதானே கிடக்கேன்."

வேறு ஒரு மேஸ்திரியாக இருந்தால் அந்த இடத்திலேயே இன்னொரு மீட்டிங் போட்டிருக்கும். குரங்கு அப்படிச் செய்யவில்லை.

"எனக்கும் தெரியலை," என்று ஒத்துக்கொண்டது. "மேல நின்னு பார்த்தா தெரியாது போல. பூங்காவனம், இன்னைக்கு நான் மேஸ்திரி இல்லை. நான்தான் மண்ணு! என்மேல அந்தக் களியை அப்பு!"

"ஐயோ, என்னண்ணே இது!"

"அப்பும்மா! யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது."

பூங்காவனம் தயங்கித் தயங்கி ஒரு கை அப்பியது. பிறகு இன்னொரு கை. காதில் அப்பியபோது குரங்கு கூச்சத்தில் நெளிந்தது. பூங்காவனத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் மூக்கு நுனி மட்டும் தெரிய, குரங்கு ஒரு மண்ணாங்கட்டியாக ஓலைப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டது.

முயல் வந்தது. பெட்டி நிரம்பியிருப்பதைப் பார்த்தது. அதன் பக்கத்திலேயே படுத்துக் காதைச் சொறிந்தது.

"எடுக்கலையா தம்பி?" என்று கேட்டது பூங்காவனம்.

"மயிலார் குரல் கொடுக்கணுமேக்கா."

மயில் எங்கே? அது தூரத்தில் பாறைமேல் நின்று, சாயங்கால மீட்டிங்கில் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேகம் ஒதுங்கி வெயில் கொளுத்தியது. பெட்டிக்குள் இருந்த மண் காய ஆரம்பித்தது. ஓர் ஈ வந்து மண்ணாங்கட்டியின் மூக்கில் உட்கார்ந்தது. மண்ணுக்கு ஏது கை? குரங்கு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது.

நிழல் நகர்ந்து பெட்டியின் மறுபக்கம் போன பிறகு மயிலுக்கு ஞாபகம் வந்தது.

"எடுக்கலா...ம்!"

முயல் பெட்டியில் கட்டிய கொடியைப் பல்லால் கவ்வி இழுத்தது. "அம்மாடி! இன்னைக்கு மண்ணு என்ன இந்தக் கனம் கனக்குது!" என்று திட்டிக்கொண்டே போனது. பூங்காவனத்துக்கு மனசு கேட்கவில்லை. அதுவும் மெல்லப் பின்னால் போய், புதர் ஓரமாக நின்றுகொண்டது.

உடைப்புக்குப் பக்கத்தில் பன்றி நிழலில் படுத்திருந்தது. முயல் பெட்டியை அங்கே விட்டது.

"மாமா, மண்ணு வந்துடுச்சு. மிதிக்கலாமே."

"மஞ்சள் இலை?"

"அதை மேஸ்திரிதானே தரணும்?"

"மேஸ்திரி எங்கே?"

"யாரு கண்டா? எங்கேயாவது இலை பொறுக்கிக்கிட்டு இருப்பாரு!"

"சரி, அந்த ஆளு வரும்போது வரட்டும்," என்று பன்றி கண்ணை மூடியது. "மண்ணு என்ன, ஓடியா போகப்போகுது?"

பெட்டிக்குள் இருந்த மண்ணாங்கட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மண் அவ்வளவு நேரம் குழியில் காத்திருந்தது மயிலுக்காக. இங்கே காத்திருப்பது யாருக்காக? எனக்காக! காய்ந்துபோனது வெயிலால் இல்லை. காக்கவைத்ததால்!

"மேஸ்திரி இங்கேதான்டா இருக்கேன்!" என்று மண்ணாங்கட்டி எழுந்து நின்றது.

"ஐயோ, மண்ணு பேசுதுடா!" என்று பன்றி துள்ளிப் பள்ளத்தில் விழுந்தது. முயல் ஒரு குட்டிக்கரணம் அடித்துப் புதருக்குள் பாய்ந்தது. அங்கே பூங்காவனத்தின் முள் குத்தி, மறுபடி வெளியே பாய்ந்தது!

குரங்கு சிரிக்கவில்லை. அதன் மேலிருந்த களிமண் வெடித்து, ஓடு ஓடாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பூங்காவனத்துக்குப் பாவமாக இருந்தது. பெரிய மேஸ்திரி இப்படி எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டு நிற்கிறாரே, இனி நம்மைத்தான் கோபிப்பாரோ என்று பயந்தது.

குரங்கு கோபிக்கவில்லை. உடைப்பின் நடுவில் ஏறி நின்று எல்லாரையும் கூப்பிட்டது.

"கேளுங்க! கரை இன்னும் எழும்பாததுக்குக் காரணம் நீங்க யாரும் இல்லை. நான்தான்! நான் போட்ட ஏற்பாடுதான்! இந்தப் பெட்டி மண்ணு இன்னைக்குப் பூரா நடந்ததைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். கூடவே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத் தன் கழுத்தில் இருந்த இலை மாலையை முதலில் அறுத்துப் போட்டது. அப்புறம் பன்றியின் மாலை. முயலின் மாலை. பூங்காவனத்தின் முள்ளிலிருந்து ஒவ்வோர் இலையாகப் பிடுங்கியது. முதுகு லேசானதும் பூங்காவனத்துக்கு நெஞ்சும் லேசான மாதிரி இருந்தது.

அந்த நிமிஷம் அது குரங்கை நிமிர்ந்து பார்த்தது. தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே அறுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்! பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ மீட்டிங்?" என்று மயில் பதறியது. "மீட்டிங் இல்லைன்னா நான் எப்போ பேசுறது?"

"மீட்டிங் உண்டு மயிலாரே. காலையில ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னு பேசணும். பன்றியார் எப்போ விழுறாரோ, அப்போ மீட்டிங் முடிஞ்சுது!"

பன்றி உடனே ஒற்றைக் காலைத் தூக்கிப் பார்த்தது. தொப்பென்று விழுந்தது!

"நல்ல மீட்டிங்!" என்றது நண்டு.

குரங்கு உடைப்புக்கு மேலே நின்ற புங்கமரத்தைக் காட்டியது. "இனிமே வேலை இலை எல்லாம் அந்தக் கிளையில தொங்கும். யாரு என்ன செய்றாங்கன்னு எல்லாரும் பார்க்கலாம். ஆளுக்கு ஒரே இலை. அதை முடிச்சுத் தண்ணியில போட்ட பிறகுதான் அடுத்த இலை. யாரும் யாரோட அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம். பூங்காவனம், பன்றியார் மிதிச்சு முடிக்கிற அளவுக்கு மட்டும் வெட்டு. அதுக்கு மேல வெட்டிக் காயப்போடாதே."

"சரிண்ணே."

"இன்னொண்ணு. வேலை நின்னுபோச்சுன்னா கத்துங்க! 'எனக்கு ஓடலை'ன்னு கத்துங்க! அப்படிக் கத்துறவங்களைப் பார்த்து யாராவது சிரிச்சா, அவங்களுக்கு என் வாலால நாலு போடு விழும்!"

"மேஸ்திரிக்கு என்ன இலை?" என்று முயல் குறும்பாகக் கேட்டது.

குரங்கு ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துத் தோளில் போட்டது. "நான் தண்ணி தூக்கப் போறேன். மண்ணு காயாம இருக்கணுமில்லே!"

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்தக் கரையை! பூங்காவனம் வெட்ட, முயல் இழுக்க, குரங்கு நீர் தெளிக்க, பன்றி 'சதக் சதக்' என்று மிதிக்க, நண்டு பின்னாலேயே பூசிக்கொண்டு வர, மண் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஓர் இலை தண்ணீரில் விழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போடுவார்கள். அதே கைகள்தான். அதே மண்தான். ஆனால் கரை ஈசல் புற்று வளருகிற மாதிரி வளர்ந்தது. நடுவில் பூங்காவனம் ஓடிப்போய்க் குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வரவும் நேரம் இருந்தது. எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. மரத்தில் அதன் இலை தொங்குகிறதே, வந்து முடித்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு முழங்கை அளவு உயர்ந்தால் போதும் என்கிற நேரத்தில் மழை முந்திக்கொண்டது.

ஒரு மதியம் வானம் கிழிந்த மாதிரி கொட்டியது. மலையிலிருந்து செந்தண்ணீர் உருண்டு வந்து ஏரியில் விழுந்தது. ஏரி உயர்ந்தது. கரையும் உயர்ந்தது. எது முந்தும்?

"மண்ணு! மண்ணு!" என்று பன்றி கத்தியது.

பூங்காவனம் வெறி பிடித்த மாதிரி வெட்டியது. அப்போது நகத்தில் 'ணங்' என்று பட்டது. பாறை! பக்கத்தில் தோண்டியது. அங்கேயும் பாறை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்கும் பாறை. குழியில் களிமண் தீர்ந்துவிட்டது!

கத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். மேஸ்திரி சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆனால் கூச்சம் விடவில்லை. எல்லாரும் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறார்கள், நம்மால்தானா நிற்க வேண்டும்? இன்னும் கொஞ்சம் தோண்டினால் கிடைத்துவிடாதா? அது பாறையையே பிறாண்டியது. ஒரு நகம் ஒடிந்தது. முள் மட்டும் சலசலத்தது. மழைச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

முயல் காலிப் பெட்டியுடன் வந்து நின்றது. "அக்கா, மண்ணு?"

"இதோ... இதோ தரேன் தம்பி..."

பூங்காவனம் தலையைத் தூக்கிப் பார்த்தது. கரையின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஒரு சின்ன கோடு போல வழிந்து இறங்கியது. அந்தக் கோடு கோரைப்புல்லுக்குள் புகுந்து, வளை இருக்கிற பக்கமாக நெளிந்து போனது.

அதைப் பார்த்ததும் கூச்சமாவது ஒன்றாவது! பூங்காவனம் குழியின் மேட்டில் ஏறி நின்று வாய் கிழியக் கத்தியது.

"எனக்கு ஓடலை! மண்ணு தீர்ந்துபோச்சு! பாறை! யாராச்சும் வாங்களேன்!"

குரல் மெல்லியது. பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனால் மேலே மரத்தில் இருந்த மயிலின் காதில் விழுந்துவிட்டது. மயில் கழுத்தை நீட்டி, காடே அதிரும்படி அகவியது.

"பூங்காவனத்துக்கு ஓடலை! மண்ணு இல்லை! எல்லாரும் ஓடி வாங்க!"

இத்தனை நாள் அந்தத் தொண்டை எதற்கென்று கேலி பேசிய நண்டே, "கத்துய்யா, இன்னும் கத்து!" என்று உசுப்பியது.

யாரும் சிரிக்கவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நண்டுதான் முதலில் பேசியது.

"களிமண்ணா? என் வளைப் பக்கம் பூரா களிமண்ணுதான்! கரைக்குக் கிட்டவேதான் இருக்கு!"

"அங்கே தோண்டினா உன் வீடு போயிடுமே அத்தை!" என்றது பூங்காவனம்.

"எனக்கு வளை தோண்ட எவ்வளவு நேரம் ஆகும்? உன் குட்டிங்களுக்கு நீச்சல் தெரியுமா? போம்மா, தோண்டு!"

பன்றி மூக்கால் நெம்பியது. பூங்காவனம் ஒடிந்த நகத்தோடு வெட்டியது. முயல் பெட்டியை இழுக்கவில்லை, தள்ளிக்கொண்டே ஓடியது. குரங்கு குடுக்கையை வீசிவிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் அப்பியது. மயில்கூடக் கீழே இறங்கி, தோகை சேற்றில் புரள, காலால் மிதித்தது.

"வழியுறது நின்னுடுச்சா?"

"இன்னும் ஒரு பெட்டி!"

"இந்தா!"

"மிதி மாமா, மிதி!"

தண்ணீர் வந்து கரையில் முட்டியது. ஒரு தடவை முட்டியது. திரும்பப் போய் மறுபடி முட்டியது. கரை அசையவில்லை. ஏரி சுழன்று, பொங்கி, பிறகு மெதுவாக அடங்கியது.

பூங்காவனம் அங்கே நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு கீழே ஓடியது. வளை வாசலில் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான். உள்ளே குட்டிகள் காய்ந்த புல்லில், முன்பு போலவே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கின. பூங்காவனம் அவற்றின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. முகத்தில் வழிந்தது கண்ணீரா, மழைத் தண்ணீரா என்று அதற்கே தெரியாது.

மழை விட்ட காலையில் நாவலேரி விளிம்பு வரை நிறைந்து நின்றது. எல்லாரும் கரைமேல் கூடினார்கள். பன்றி விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அன்று மீட்டிங் கொஞ்சம் நீளட்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

"மேஸ்திரி மாதிரி உண்டா!" என்றது முயல். "எங்க மேஸ்திரி மண்ணாவே உட்கார்ந்த மேஸ்திரி!"

"என்னைப் புகழ்ந்தது போதும்," என்றது குரங்கு. "நான் சொல்லிட்டுப் போயிட்டேன். நின்னுபோச்சுன்னா கத்துன்னு சொல்றது சுலபம். கத்துறதுதான் கஷ்டம். பூங்காவனம், நீ சொல்லு. அந்த நேரத்துல உனக்கு எப்படித் தைரியம் வந்துச்சு? நாங்களும் கத்துக்கிறோம்."

எல்லாக் கண்ணும் திரும்பியது. பூங்காவனம் தரையைப் பார்த்தது. ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, எல்லார் முகத்தையும் பார்த்துப் பேச ஆரம்பித்தது.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க. நான் என்ன நினைச்சேன்னா, என்னால முடியலைன்னு சொன்னா நீங்கள்லாம் என்னை..."

"அம்மா! அம்மா! பசிக்குதும்மா!" என்று கீழேயிருந்து இரண்டு சின்னக் குரல்கள் கேட்டன.

"இதோ வரேன்டா கண்ணுங்களா!" என்று பூங்காவனம் சொல்லவந்ததை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடியது. அது முடிக்காத பேச்சுக்கு மொத்தக் கரையும் கை தட்டியது.

தான் போட்ட சிக்கலைத் தானே அவிழ்க்கிற தலைவரும், முடியாதபோது கூசாமல் குரல் கொடுக்கிற கூட்டாளியும் ஒரே இடத்தில் இருந்தால், எவ்வளவு பெரிய வேலையும் சின்ன வேலையாகிவிடும்.